மூன்று சுவர் விண்கலம்

விண்கலத் தலைவராக நடித்த கோகிலன், அக்கலத்தை விட்டு வெளியேற இயலாமல் இருந்து இவ்வாண்டோடு இருபத்தாறு ஆண்டுகள் நிறைவுறுகின்றன. அக்கலத்துக்கு மூன்று சுவர்களே உண்டு. நான்காம் பக்கம் படப்பிடிப்புக் கருவிக்காகத் திறந்து விடப்பட்டிருந்தது. அவ்வழியே தோட்டத்துக் கோழிகள் தடையின்றி வந்து போயின.

மலேசியாவின் ஈப்போ நகருக்கு வடக்கே, பால்வெட்டு நின்றுபோன ஒரு ரப்பர்த் தோட்டத்தில், ரப்பர்த் தாள்களைப் புகையிட்டு உலர்த்திய பழைய கொட்டகையில்தான் ‘சனிக்கோளுக்கு அப்பால்’ என்னும் பதின்மூன்று வாரத் தொலைக்காட்சித் தொடர் எடுக்கப்பெற்றது. முட்டை அட்டைகளுக்கு வெள்ளிச் சாயம் பூசிச் சுவராக்கினர். பழைய ஐஸ்பெட்டி ஒன்றின் கதவு கலத்தின் பின்கதவாயிற்று. வாடகைக்கார் ஓட்டிய கோகிலனைத் தலைவராக்கியவர், நில அளவைப் பணியில் ஓய்வுபெற்ற இயக்குநர் விஸ்வலிங்கம். இறுதிநாளான வெள்ளிக்கிழமை ஒரு காட்சியே எஞ்சியிருந்தது: தலைவர் பின்கதவைத் திறந்து பூமியில் கால் வைப்பது. விளக்கு பழுதாகி நேரம் கழிந்தது; இராகுகாலம் நெருங்கியது. படப்பிடிப்பு முழுதும் முடிந்த பின்னரே பூசணிக்காய் உடைப்பது வழக்கம். விஸ்வலிங்கமோ நல்ல நேரத்தைத் தவறவிட விரும்பவில்லை.

“நீர் உள்ளேயே இரும் கோகிலன். பூசணிக்காயை உடைச்சுப்போட்டு வாறம். பிறகு அந்த ஒரு காட்சிதானே.”

“உடைச்சிட்டா படம் முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம் லா சார். நான் இன்னும் பூமிக்கே வரலயே!”

எல்லாரும் சிரித்தனர். பூசணிக்காய் உடைந்தது. அதன்பின் எந்தப் படக்கருவியும் அவ்விடத்தில் இயங்கவில்லை. வெளியே கொண்டுசென்றால் இயங்கியது. கோகிலன் திறந்த பக்கமாக வெளியே அடியெடுத்து வைத்தார்; அவ்வடி பின்கதவின் வழியே உள்ளே விழுந்தது. பின்கதவின் வழியே சென்றபோது திறந்த பக்கமாக உள்ளே வந்தார். மாலையில் அவர் மனைவி தினேஸ்வரி வந்து கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். எல்லையைக் கடந்ததும் கை வெறுமையாயிற்று.

“என்னங்க விளையாட்டு இது? வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

“விளையாட்டா? காலையிலேர்ந்து நாப்பது தடவ வீட்டுக்குக் கிளம்பிட்டேன்டி” என்று பின்கதவருகிலிருந்து விடை வந்தது.

தலைவர் நலமாகத் தரையிறங்கினார் என்று ஒரு குரல் மட்டும் ஒலிக்கத் தொடர் நிறைவுற்றது. நாளடைவில் பெரும்புகழ் பெற்றது. வெளியே நின்ற வாடகைக்காருக்குள் லாலான் புல் முளைத்தது. தினேஸ்வரி நாள்தோறும் பேருந்தில் சோறு கொண்டுவந்தார். விஸ்வலிங்கம் ஆண்டுதோறும் அதே நாளில் கருவியோடு வந்து, அது இயங்காமை கண்டு, மன்னிப்புக் கேட்டுத் திரும்பினார். பதினோராம் ஆண்டில் அவர் காலமான செய்தியே வந்தது. அதற்கடுத்த ஆண்டு, கோலா கங்சாரில் தம் தாயார் இறந்தார் என்று கேட்ட கோகிலன், செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கலானார். திறந்த பக்கமாகச் சென்று பின்கதவால் வந்து, அன்று பகல் முழுதும் நடந்தார். அத்தொலைவு கோலா கங்சார் சென்று சேரப் போதுமானது என உடனிருந்தோர் கூறினர். செருப்பு தேய்ந்து அறுந்தபோது அமர்ந்துவிட்டார். அதன்பின் அவர் வெளியேற முயலவில்லை.

பின்னர் அந்நிலத்தில் வீடமைப்புத் திட்டம் வந்தது.

“அண்ணே, நாளைக்குக் கொட்டகைய உடைக்கிறோம். கொஞ்சம் நகந்துக்குங்க லா” என்றார் கட்டுமானக் குத்தகையாளர் ஜெயபாலன்.

“நகர முடிஞ்சா, நீ சொல்ற வரைக்கும் இருப்பேனா தம்பி?”

கொட்டகை போயிற்று, முட்டை அட்டைகளும் கதவும் லாரியில் ஏறின. சுவரில்லா வெட்டவெளியிலும் கோகிலன் பதினோரடி நடந்து, கதவிருந்த இடத்திலேயே மீண்டும் தோன்றினார். மழைக்குக் குடை பிடித்து அமர்ந்திருந்தார். தினேஸ்வரி அவரை இழுத்துப் பார்க்கவில்லை. ஜெயபாலனிடம் மனை வரைபடத்தை வாங்கி, கணவர் அமர்ந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இந்த வீடு எனக்கு. மொதல்ல இதக் கட்டுங்க.”

இப்பொழுது அது பதினான்காம் எண் வீடு; கலம் நின்ற இடம் முன்னறை. ஈப்போ வீட்டைக் காலிசெய்து தினேஸ்வரி அங்குக் குடிவந்துவிட்டார். அண்டை வீட்டார் கோகிலனை வெளியே செல்ல விரும்பாத மனிதராகவே அறிவர். விருந்தினரை வாசல்வரை சென்று வழியனுப்புபவர் தினேஸ்வரி. வாசற்படியில் கோகிலனுக்கென ஒரு சோடிப் புதுச் செருப்பு எப்பொழுதும் உண்டு. மழை வந்தால் அதைத்தான் தினேஸ்வரி முதலில் உள்ளே எடுத்து வைக்கிறார்.