எங்க எழுதியிருக்கு?

அன்றைய சண்டை நூலக நாற்காலியில்தான் ஆரம்பித்தது.

பயிற்சிப் புத்தகத்தில் இருந்தது இவ்வளவுதான்: ஒரு நூலகம் மர நாற்காலிகளை எடுத்துவிட்டு மெத்தை நாற்காலிகள் போட்டது. அடுத்த மாதமே வாசகர் கூட்டம் இரண்டு மடங்கானது. ஆகவே கூட்டத்துக்குக் காரணம் புது நாற்காலிகள். இந்த வாதம் எதை நம்பி நிற்கிறது? நான்கு விடைகளில் முதல் விடையை நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள்: மர நாற்காலிகளால் வாசகர்களுக்கு முதுகுவலி இருந்தது.

"முதுகுவலின்னு எங்க எழுதியிருக்கு?" என்றார் கணவர்.

"மர நாற்காலின்னு எழுதியிருக்கே. அஞ்சு மணி நேரம் உட்கார்ந்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"அஞ்சு மணி நேரம்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும். பத்திக்குத் தெரியாதே!"

அந்த மாதம் வேறு எதுவும் மாறவில்லை என்பதுதான் சரியான விடை. அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே, காதால் கேட்டே சொல்லிவிட்டார். நர்ஸுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பரீட்சை எழுதப்போவது இவள், எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்வது அவர்!

அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். சக ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர் மோப்பம். "டிக்கெட் எடுத்தேன் சார், காத்துல பறந்துடுச்சு" என்று ஒருவன் சொன்னால் மூடிக்கிடக்கும் ஜன்னலை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். ஆள் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்வார். தன் பங்குக்கு எதையும் சேர்க்க மாட்டார்.

நர்ஸின் பிழைப்பு நேர் எதிர். பதினாறு வருடமாக வார்டில் அவள் கேட்டதெல்லாம் சொல்லாத பேச்சுதான். நோயாளி "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இவள் டாக்டரைக் கூப்பிட ஓடுவாள். அப்படி ஓடியதால் பிழைத்தவர்கள் உண்டு. அந்தப் பழக்கம்தான் மருத்துவமனை நிர்வாகப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் அவளை இரண்டு தடவை கவிழ்த்துவிட்டது. மற்ற பகுதிகளில் நல்ல மார்க், தர்க்கப் பகுதியில் மட்டும் சறுக்கல். நாற்பது வயதாகிவிட்டால் சேர்க்கை கிடையாது. அவளுக்கு முப்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. வருடத்துக்கு ஒரே தேர்வு, அது மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. அதுவும் போனால் அவ்வளவுதான், காலம் முழுக்க வார்டுதான்.

"நீ பாவம் பார்க்கிறே. அதுதான் உன் வியாதி," என்றார் மோப்பம். "பத்தியில இருக்கிற ஆளுக்கு முதுகும் கிடையாது, வலியும் கிடையாது. ஒவ்வொரு விடைக்கும் ஒரே கேள்வி கேளு, எங்க எழுதியிருக்குன்னு."

மூன்று வாரம் இருவரும் அதே கேள்வியாக இருந்தார்கள். குழம்பில் உப்பு இல்லை என்றால்கூட "எங்க எழுதியிருக்கு?" என்பாள் அவள். மகள் கல்லூரி விடுதியிலிருந்து போனில் கூப்பிட்டு, "உங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசவே பயமா இருக்கு" என்று சிரித்தாள்.

சனிக்கிழமை காலை அவர் லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வந்தார். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். "கடைசியா ஒண்ணு," என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அவள் உரக்கப் படித்தாள். ஒரு தொழிற்சாலை பத்துப் பேரை வெளியூருக்குப் படிக்க அனுப்பியது. பத்துப் பேரும் படித்து முடித்தார்கள். பத்துப் பேருக்கும் பெரிய வேலை கிடைத்தது. இதிலிருந்து எதை உறுதியாகச் சொல்லலாம்? அ, படிக்காதவர்களுக்குப் பெரிய வேலை கிடைக்காது. ஆ, போனவர்கள் பழைய ஊருக்குத் திரும்பவில்லை. இ, அப்படிப் போய்ப் படித்து முடித்தவர்களில் பெரிய வேலை கிடைக்காதவர் யாரும் இல்லை.

"ஆ," என்றார் அவர் பட்டென்று.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். விளையாடுகிறாரோ என்று நினைத்தாள். இல்லை.

"திரும்பலைன்னு எங்க எழுதியிருக்கு?"

"பெரிய வேலை கிடைச்சவங்க எதுக்கு..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இ-தான். தப்பாச் சொல்லிட்டேன்."

"என்ன ஆச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. ராத்திரி சரியாத் தூங்கல."

அந்த 'ஒண்ணுமில்ல' அவளுக்கு அத்துப்படி. படிப்பு ஒன்றரை வருடம், கல்லூரி ரயிலில் ஒரு பகல் தூரம். போ என்று முதலில் சொன்னவர் அவர். விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே. மகளும் இல்லாத வீட்டில் ஒற்றைத் தட்டு வைத்துக்கொண்டு உட்காரப்போகிறவரும் அவர்தான் என்று இவ்வளவு நாள் அவளுக்கு உறைக்கவேயில்லை. ஊரார் முகத்தையெல்லாம் படிக்கிறவள் வீட்டு முகத்தைப் படிக்காமல் விட்டிருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஏதாவது சொல்ல வாயெடுப்பதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது.

தேர்வு அறையில் அவள் யாருக்கும் பாவம் பார்க்கவில்லை. ஒரு பத்தியில் குழந்தைகளுக்கு இருமல் என்று வந்தது. ஏன் இருமல், ஈரச் சுவரா என்று மனம் ஓடியது. 'எங்க எழுதியிருக்கு?' என்று இழுத்துப் பிடித்து உட்கார வைத்தாள். முடித்ததும் திரையில் மார்க் வந்தது. தர்க்கப் பகுதிக்கு அறுபது வேண்டும், எழுபத்திரண்டு இருந்தது.

வெளியே மரத்தடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். மார்க்கைச் சொன்னதும் சுற்றிலும் ஆள் இருப்பதை மறந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. அதில் பொய்யே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ ஜூன் மாசம் கிளம்பணும்," என்றார், செருப்பைப் பார்த்துக்கொண்டு.

"கிளம்பணும். முடிஞ்சதும் வந்துடுவேன்."

"எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

நர்ஸ் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள். அவர் கையிலிருந்த பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், அந்தப் பத்துப் பேருக்குக் கீழே எழுதினாள்: படிப்பு முடிந்ததும் நான் நம் வீட்டுக்குத் திரும்பி வருவேன். கையெழுத்தும் போட்டாள். பக்கத்தைக் கிழித்து நீட்டினாள். "இப்போ பத்தியில இருக்கு. படிச்சுக்கோங்க."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். பழக்கதோஷம், மறுபக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"தேதி இல்லையே. தேதி இல்லாம செல்லாது."

அவள் வாங்கித் தேதியும் போட்டாள், இன்றைய தேதி அல்ல, ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வரும் தேதி. அவர் தன் பேனாவை வாங்கி, டிக்கெட்டில் போடுவது போல ஓரத்தில் ஒரு கோடு கிழித்தார். பரிசோதித்த டிக்கெட்டைப் பயணியிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் விதி. அவர் அதை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.