எந்திரிக்காத

பன்னிரண்டு மணிக்குத்தான் கதவு திறப்பார்கள். வீரய்யா பத்தரைக்கே வந்து பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்றுவிட்டான். லிந்துலையிலிருந்து வந்த பஸ்ஸிலும் நின்றுகொண்டேதான் வந்தான். இங்கே பெஞ்சில் இடமிருந்தும் உட்காரத் தோன்றவில்லை. மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அவன் பெண்சாதி பூரணியைக் குளவிகள் மொய்த்துக் கொட்டி இன்றோடு மூன்று நாள். வாயில் குழாய் செருகியிருந்தது. மெஷின்தான் அவளுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நேற்றுதான் கண் திறந்திருந்தாள்.

உள்ளே போனதும் பிசியோதெரபி மிஸ் லக்சனா அவனைப் பிடித்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பேச்சில் ஒரே அவசரம். இன்றைக்கே பூரணியைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, முடிந்தால் காலூன்றவும் வைக்க வேண்டுமாம்.

"குழாயோடயா மிஸ்?"

"ஓம் ஐயா. நாங்கள் நாலு பேர் பிடிப்பம். படுக்கையில கிடக்கிற ஒவ்வொரு நாளும் காலில சதை கரையும். பிந்தினா பிறகு நடக்கிறது கஷ்டம்."

அவள் ஆள் கூட்டிவரப் போனாள். எழுந்து நிற்கிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று தோட்டத்தில் பிறந்த வீரய்யாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வருஷம் பூரணி காய்ச்சலோடு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நடந்தே போனாள். நடந்து வந்தவளுக்கு என்ன பெரிய வியாதி என்று இரண்டு மாத்திரையைக் கொடுத்து மலை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் கூடையோடு சரிவில் உருண்டாள். அதிலிருந்து அவர்கள் லயத்து வீடுகளில் யாருக்குச் சுகமில்லை என்றாலும் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டுதான் போவார்கள், நடக்க முடிந்தவனாக இருந்தாலும்.

அவள் காதருகே குனிந்தான். "எந்திரிக்காத புள்ள. நின்னா சொகமாயிருச்சுன்னு துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிருவாங்க. கால அப்படியே விட்டுரு."

பூரணி கண்ணை மூடித் திறந்தாள். நாலு பேர் தூக்கி உட்கார வைத்தபோது அவள் கால்கள் நனைந்த சாக்கு மாதிரித் தொங்கின. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் குழாயை எடுத்த பிறகும் அப்படித்தான்.

ஆறாம் நாள் பெரிய டாக்டர் அவள் பாதத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார். கெட்டிக்காரி, பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். நரம்பு செத்திருக்கலாம், கண்டிக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் சிங்களத்தில் சொன்னது வீரய்யாவுக்கு நன்றாகவே விளங்கியது. இன்னும் ஒரு நாள் தாருங்கள் என்று லக்சனா மன்றாடினாள். அந்தப் பிள்ளையின் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவனால் தாங்க முடியவில்லை. டாக்டர் நகர்ந்ததும் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டான்.

திட்டுவாள் என்று நினைத்தான். அவள் பூரணியின் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தாள். "மூண்டு நாள் வீணாப் போச்சுது ஐயா," என்று மட்டும் சொன்னாள்.

"இப்ப எந்திரி புள்ள," என்றான் வீரய்யா. பூரணி எழப் பார்த்தாள். முழங்கால் மடிந்தது. மறுபடியும் பார்த்தாள், தொடை நடுங்கி, நெற்றி வியர்த்து, கட்டிலிலேயே சரிந்தாள். முப்பது வருஷம் மலையேறிய கால். இந்தத் தடவை அவள் நடிக்கவில்லை. என் வாயாலேயே கெடுத்தேனே என்று அவன் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதான்.

வார்டுக்கு மாற்றிய பிறகு, பத்தாம் நாள்தான் நின்றாள். ஒரு பக்கம் லக்சனா, ஒரு பக்கம் நர்ஸ், கையில் நடை பழகும் சட்டம். சரியாக அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஃபைலோடு உள்ளே வந்தார். குளவி கொட்டினவளுக்கு எத்தனை நாள் லீவு என்று மேனேஜர் துரைக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது அவர்தான். வீரய்யா பாய்ந்து கட்டிலைச் சுற்றியிருந்த பச்சைத் திரையை இழுத்து மூடி, அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

"நின்ன மாதிரி தெரிஞ்சுச்சே வீரய்யா? திங்கக்கெழம காலைல பெரட்டுக்கு வந்து வேலைக்குப் பேர் குடுத்துருவாளா?"

"இல்லீங்கய்யா. அசையக்கூட முடியலீங்க."

உள்ளே லக்சனா மெல்ல எண்ணத் தொடங்கினாள். ஒண்டு. ரெண்டு. பாதம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. வீரய்யா திரையின் இரண்டு ஓரங்களையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சத்தமாக இருமினான்.