வேர்ப் பாசிக்குள் ஒரு சீட்டு

இந்த ஊரில் எந்த வீட்டு ஜன்னலைப் பார்த்தாலும் அந்த ஊதாப் பூ என்னை முறைக்கும். அடுக்கடுக்கான இதழ், கையகலப் பூ. என் கணவரின் நாற்றுப்பண்ணை உலகத்துக்குக் கொடுத்த கொடையாம்! அதன் தாய்ச்செடியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பாறை இடுக்கில் கிடந்த, நாலே இதழுள்ள வெளிறிய காட்டுப்பூ.

அதைத் தேடி மலைக்குப் போனது என் கணவரும் என் தம்பியும். திரும்பி வந்தது ஒருவர்தான்.

"செடியைப் பாக்குறதுக்கு முன்னாடியே வழுக்கி விழுந்துட்டான். மூணு நாள் தேடினேன். அப்பதான் இது கண்ணுல பட்டுச்சு" என்றார்.

எந்த மலை என்று எனக்குக்கூடச் சொல்லவில்லை. செடி தேடுகிறவர்கள் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மறுவாரமே நாலு பேர் மண்வெட்டியோடு நிற்பார்கள். அவனுக்கு ஒரு பிடி மண் போடவும் வழியில்லாமல் பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

நேற்று மலர்க் கண்காட்சிக்காரர்கள் அந்த முதல் செடியைக் கேட்டார்கள். விதை எடுத்தபின் என் கணவர் அதை உலர்த்தி, வேரைச் சுற்றிய பாசியோடு கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். தூசி தட்டும்போது பாசி உதிர்ந்தது. உள்ளே மெழுகுத்தாள் சுருள். செடியின் மேலே குறிப்பெழுதிக் கட்டும் சீட்டு மழையில் அழிந்துவிடும் என்று, அதையே இன்னொன்றில் எழுதிப் பாசிக்குள்ளும் செருகுவது தம்பியின் வழக்கம். அவர் அதை எப்போதும் கிண்டல் செய்வார்.

அவனுடைய கோணல் எழுத்தேதான்.

"மாமா, செடி பத்திரம். கூடையை அவுத்துட்டு கயித்தை எனக்கு இறக்குங்க. நிக்க ஒரு அடி இடம்தான் இருக்கு."

தோட்டத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடிக்காகச் சட்டைப்பையைத் தடவினார். பிறகு அது இல்லாமலே படித்தார்.

"கயிறு கையை விட்டு நழுவிடுச்சும்மா. சத்தியமா."

"ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

பூவாளியைக் கீழே வைத்தார். "வந்தா இடம் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

"அவன் கூப்பிட்டானா?"

"நான் மலையை விட்டு இறங்கி முடிக்கிற வரைக்கும் கேட்டுச்சு."

அந்த மனிதர் முகத்தில் பூவாளியை வீசியிருப்பேன். ஆனால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்.

"எந்த மலை?"

அவர் வாயைத் திறந்தார். சொல்வதற்கு முன், மதிலுக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.