கடைசி வாளி

அத்தை கப்பல்காரியின் கல்லறைக் கல்லை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக நின்றார். அவருக்குப் பின்னால் மண் தோண்டும் மிஷின் அணைக்கப்படாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"அம்மா, சாயங்காலத்துக்குள்ள இந்த இடம் காலியாகணும். கல்லைப் பளபளன்னு ஆக்கி என்ன பண்ணப் போறீங்க? கல்லு வராது. எலும்பு மட்டும்தான் வரும்."

"அதுக்காக அழுக்கோட அனுப்பச் சொல்றீங்களா?" என்றாள் அத்தை, நிமிராமலே.

விஷயம் இதுதான். இந்தப் பழைய கல்லறைத் தோட்டத்தின் மேல் நான்கு வழிச் சாலை வரப்போகிறது. வாரிசுகள் வந்து கேட்கிற எலும்புகளுக்கு ஒரு மரப்பெட்டியும், ஊருக்கு வெளியே புதிய தோட்டத்தில் ஓர் இடமும் உண்டு. யாரும் கேட்காதவற்றை ஒரே குழியில் கொட்டி மூடிவிடுவார்கள். குடும்பத்துக்கு ஒரு பெட்டி என்று கணக்கு. இன்றுதான் கடைசி நாள். எங்கள் வீட்டுப் பெட்டியை அத்தை கப்பல்காரிக்காக எழுதிக் கேட்டிருந்தாள்.

கப்பல்காரி என்பது நாங்கள் வைத்த பெயர். முதன்முதலில் இங்கே வந்து கொடி நட்ட வெள்ளைக்காரக் கேப்டனின் மனைவி அவள். அவள் வயிற்றில் பிறந்த மூத்த பிள்ளையின் வழி வந்தவர்கள் நாங்கள் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அந்தப் பிள்ளையைப் பெரியவர் என்போம். அவர் பிறந்த ஆண்டு எங்கள் குடும்பத்தில் தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அத்தையின் சூட்கேஸ் பூட்டு, என் ஏடிஎம் கார்டு, தம்பியின் போன் எல்லாவற்றுக்கும் அதுதான் எண். எங்களிடம் திருட வருகிறவனுக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

என் அப்பாவின் அக்காவான இந்த அத்தையைத் தெருவில் கேப்டன் வீட்டம்மா என்பார்கள். வெயிலில் முகம் சிவந்தால் அவளுக்கு அது கப்பல்காரியின் ரத்தம். யாருடைய மூக்காவது கொஞ்சம் எடுப்பாக இருந்தால் அதுவும் கப்பல்காரி தந்தது. சளி பிடித்தால் எல்லார் மூக்கும் ஒரே மூக்குதான் என்று நான் ஒருமுறை சொன்னேன். அத்தை ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். குடிநீர் வாரியத்தில் சாலைக்கு அடியில் கசிவு கண்டுபிடிப்பது என் வேலை. இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, அதன் நுனியில் காதை வைத்து, தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். அதற்கு நிறையப் பொறுமை வேண்டும். எல்லாம் அங்கேயே செலவாகிவிடுவதால் வீட்டுக்கு மிச்சம் வருவதில்லை. அன்றும் பாதி வேலையில் சீருடையோடு ஓடி வந்திருந்தேன்.

"சரி, எடுங்க," என்று அத்தை ஒருவழியாக விலகினாள்.

மிஷின்காரர் கல்லைச் சுற்றி மண்ணை வாரினார். நாங்கள் கழுவிய கல் இடுப்பளவு உயரம். மேலே 'கேப்டனின் அன்பு மனைவி இங்கே உறங்குகிறாள்' என்ற வரி மட்டும் இருக்கும். அதற்கு மேல் இருந்த பெயர், தலைமுறை தலைமுறையாக நாங்கள் தேய்த்த தேய்ப்பில் மழுங்கிப் போயிருந்தது. ஆசையாகக் கழுவியே பெயரை அழித்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கல் அசைந்து, சாய்ந்து, மேலே வந்தது. வந்துகொண்டே இருந்தது. நாங்கள் பார்த்த அளவு கல் மண்ணுக்குள்ளும் புதைந்திருந்தது. அதில் எழுத்து இருந்தது. மண்ணுக்குள் இருந்ததால் நேற்றுச் செதுக்கியதுபோல் தெளிவாக இருந்தது.

அதிகாரி குனிந்து, துடைத்து, உரக்கப் படித்தார். "கப்பலில் வந்து சேர்ந்த அதே ஆண்டில், ஒரு நாளும் வாழாத தன் ஒரே குழந்தையோடு." பிறகு ஆண்டைப் படித்தார்.

அத்தையின் சூட்கேஸ் எண்ணுக்கு ஆறு ஆண்டு கழித்து வருகிற ஆண்டு அது. கப்பல்காரி கரை இறங்கியபோது பெரியவருக்கு ஆறு வயது. பல் விழுகிற வயது. கேப்டன்தான் அதற்கும் முன்பே தனியாக வந்து கொடி நட்டவர்.

அத்தையின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"தப்பா செதுக்கிட்டான்," என்றாள் அத்தை. "வேற யாருக்கோ எழுத வேண்டியதை இதுல எழுதி வெச்சிருக்கான்."

"அம்மா, இந்தக் கல்லை வெச்சுத்தான் நீங்க உரிமை கேட்டீங்க. இவங்களுக்குச் சந்ததி இல்லைன்னு அதுவே சொல்லுது. நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? நாளைக்கு மேலிடத்துல கேட்டா என் தலைதான் உருளும்."

"அப்போ நாங்க யாரு?"

அத்தை அதை அவரிடம்தான் கேட்டாள். ஏதோ அவர் பையில் பதில் இருப்பதுபோல் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பாவம், மிஷின்காரர் பக்கம் திரும்பினார்.

"பின் மதிலை இடிக்க ஆரம்பிப்பா. நேரமாச்சு."

மிஷின் எங்களைத் தாண்டிப் போனது. எனக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது. அதிகாரிமேல், கல் கொத்தியவன்மேல், இத்தனை காலம் பாதிக் கல்லைப் படித்துவிட்டுப் பெருமை பேசிய எங்கள் ஆட்கள்மேல். அத்தை வாளியை எடுத்துக்கொண்டு, வாசல் பக்கக் குழாய்க்கு நடந்தாள்.

"எங்க போறீங்க அத்தை? இனிமே எதைக் கழுவப் போறீங்க?"

"கடைசி வாளி ஊத்தலையே."

அது ஒரு பழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரும் வந்து கல்லைக் கழுவுவோம். முடிந்ததும் கடைசியாக ஒரு வாளி தண்ணீரை, பின் மதிலில் உள்ள திட்டிவாசல் வழியாக வெளியே கொண்டுபோய், அங்கே கிடக்கிற ஒரு தட்டைக் கல்லில் ஊற்ற வேண்டும். பெண்கள்தான் கொண்டுபோக வேண்டும். சின்ன வயதில் நானும் சுமந்திருக்கிறேன். கால் கழுவுகிற கல் என்றுதான் நினைத்திருந்தேன். மிச்சத் தண்ணீரை ஊற்ற ஒரு இடம், அவ்வளவுதான்.

குழாயைத் திறந்து வாளி நிறையும்வரை அத்தை நின்றாள். கை பழக்கத்தில் வேலை செய்தது, கண் எங்கேயோ இருந்தது. நான் வாளியைத் தூக்கினேன்.

"தளும்பாம கொண்டு வாடி!" என்று சட்டென்று கத்தினாள்.

நான் நின்றுவிட்டேன். வந்ததிலிருந்து நான்கைந்து வாளித் தண்ணீரைக் கண்டபடி சிந்தியிருந்தேன். எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. சின்ன வயதிலும் அப்படித்தான். முதல் வாளியைக் கவிழ்த்தால் சிரிப்பார்கள். கடைசி வாளி தளும்பினால் அடி விழும்.

வாளியைப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது.

"அத்தை, மிச்சத் தண்ணியைத்தானே அங்க ஊத்துறோம்? அப்புறம் எதுக்குப் புதுசாப் பிடிக்கிறோம்?"

அத்தை குழாயை இறுக்கி மூடினாள்.

"கீழ கொட்டுற தண்ணியை யாராவது நல்ல தண்ணியாப் பிடிப்பாங்களா? அதைத் தளும்பாம தூக்கிட்டுப் போவாங்களா? சொல்லுங்க!"

அப்போது பின் மதில் சரிகிற சத்தம் கேட்டது.

நான் ஓடினேன். வாளியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை, தூக்கிக்கொண்டே ஓடினேன். மதிலில் பாதி விழுந்துவிட்டது. மிஷினின் வாளிக்கை தூக்கி நின்றது. அதற்கு நேர் கீழே செங்கல் தூசிக்கு நடுவில் தட்டைக் கல்லின் ஒரு மூலை தெரிந்தது.

"நிறுத்துங்க!"

மிஷின்காரருக்குக் கேட்கவில்லை. நான் கல்லின்மேல் ஏறி நின்றேன். மேலே இரும்புப் பற்கள் ஒரு முழம் இறங்கி, ஆடி, நின்றன. அவர் எட்டிப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் விழுங்கினார்.

"அக்கா, சாகணும்னா வேற எடம் பாருங்க! எனக்குப் புள்ளகுட்டி இருக்கு!"

அதிகாரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "என்ன மேடம் இது? நீங்களே ஒரு டிபார்ட்மென்ட்ல இருக்கீங்க."

"இதுக்குக் கீழ ஆள் இருக்கு."

"பிளான்ல மதிலுக்கு வெளியே கல்லறையே கிடையாது. யார் சொன்னது உங்களுக்கு?"

எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னிடம் இருந்தது ஒரு வாளி நல்ல தண்ணீர் மட்டும். அதை வைத்துக்கொண்டு ஒரு அரசாங்க மிஷினை நிறுத்த முடியாது என்று எனக்கே தெரியும். திரும்பி அத்தையைப் பார்த்தேன். இடிந்த மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவள் வாயைத் திறந்தால், கேப்டன் மனைவியின் ரத்தம் என்று எழுபது வயதுவரை சொன்னதெல்லாம் பொய்யென்று ஊரறிய ஒத்துக்கொண்டதாகிவிடும். வாயை மூடிக்கொண்டால் கல்லோடு எல்லாம் போய்விடும். அவள் வழக்கம்போல வீட்டுக்குப் போகலாம். அவள் மூடிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க. இதுல யாராவது இருக்காங்களா?" என்றார் அதிகாரி.

அத்தை செங்கல் குவியலைப் பிடித்துப் பிடித்துத் தாண்டி வந்தாள்.

"எங்கப்பா என்னை ஒரே ஒரு தடவைதான் அடிச்சார்," என்றாள். "சின்னப் பொண்ணா இருந்தப்போ கடைசி வாளியை வழியில கொட்டிட்டேன். அடிச்சிட்டு, அவரே போய் வேற தண்ணி பிடிச்சுட்டு வந்து குடுத்தார். 'போ, அவ காத்துட்டு இருப்பா'ன்னார்."

"யாருன்னு கேக்கலையா?" என்றேன்.

"கேக்கல," என்றாள் அத்தை. "கேட்டா சொல்லிடுவாரோன்னு பயந்துதான் கேக்கல. அப்பவே பெரிய கல்லுல இருக்கறவதான் நம்ம ஆளுன்னு முடிவு பண்ணிட்டேன். அது நல்லா இருந்துச்சு. எழுத்தெல்லாம் இருந்துச்சு. இது வெறும் கல்லு."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நான் கல்லிலிருந்து இறங்கவில்லை. அவர் மிஷின்காரரிடம், "கையால தோண்டு. சீக்கிரம்," என்றார்.

மிஷின்காரர் மண்வெட்டியோடு இறங்கினார். நானும் அவரும் சேர்ந்து கல்லைப் புரட்டினோம். மண் கறுப்பாக, ஈரமாக, சொதசொதவென்று இருந்தது. எத்தனை பேர் ஊற்றிய தண்ணீரோ. ஒன்றும் கிடைக்காவிட்டால் அத்தையின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் என் நினைப்பு. முழங்கால் ஆழத்தில் ஒன்றுமில்லை. இடுப்பளவில் மண்வெட்டி நின்றது. மிஷின்காரர் அதை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் மண்ணை ஒதுக்க ஆரம்பித்தார்.

பெட்டி வைத்துப் புதைத்த அடையாளம் எதுவும் இல்லை. ஒரு மண்டையோடு, தோள் எலும்பு, கழுத்துப் பக்கத்தில் நூல் மக்கிப்போய் மணி மட்டும் மிஞ்சிய கறுப்புப் பாசிமணிகள். சின்ன உருவம். அவ்வளவுதான் கிடைத்தது. அவள் கேப்டன் வீட்டில் என்னவாக இருந்தாள், கப்பல் வந்த அன்று அவளை எங்கே அனுப்பினார்கள், மதிலுக்கு வெளியே யார் கொண்டுவந்து போட்டார்கள், எதுவும் தெரியாது. அவள்தான் பெரியவரைப் பெற்றவள் என்று கோர்ட்டில் போய்ச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் யாரோ ஒரு மகன், உள்ளே இருந்த கல்லைக் கழுவுகிற சாக்கில், தன் வீட்டுப் பெண்கள் கையில் ஆண்டுதோறும் நல்ல தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறான். எனக்கு அது போதும்.

அதிகாரி காகிதத்தை எடுத்தார். பழைய வரியை அடித்துவிட்டு, "பேரு?" என்றார்.

"தெரியாது," என்றாள் அத்தை.

"உறவு?"

"அம்மா."

அவர் எழுதினார். பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். எலும்புகளை ஒவ்வொன்றாக அத்தையே எடுத்து வைத்தாள். பாசிமணிகளை நான் பொறுக்கிக் கொடுத்தேன். மிஷின்காரர் மூடியை எடுத்தபோது அத்தை அவர் கையைப் பிடித்தாள்.

"இரு தம்பி. இன்னும் ஒருத்தி இருக்கா."

"அம்மா," என்றார் அதிகாரி, "ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டிதான். அதுவுமில்லாம அந்தக் கேப்டன் சம்சாரம் உங்க ஆளே இல்லைன்னு ஆயிடுச்சு."

"பெட்டி ஒண்ணு போதும். எலும்புதானே, ரெண்டு பேரும் அடங்கிடுவாங்க."

"உறவுன்னு என்ன எழுதுறது?"

அத்தை திரும்பி, சாய்ந்து கிடந்த பெரிய கல்லைப் பார்த்தாள். அன்று காலைவரை அவளுக்கு எல்லாமாக இருந்த கல். எழுதி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறவள்போல நிதானமாகச் சொன்னாள்.

"சித்தின்னு எழுதுங்க. எங்கம்மாவுக்கு அப்புறம் வந்தவதானே? பச்சப் புள்ளையும் கையுமா இருக்கா. அவளை இங்க தனியா விட்டுட்டு வந்தா எங்கம்மாவே என்னைக் கேப்பா."

அதிகாரி அப்படியே எழுதினார். நான் வாளியைப் பார்த்தேன். அவ்வளவு ஓட்டத்திலும் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அத்தை அதை வாங்கி, கையை நனைத்து, முதலில் அம்மாவின் நெற்றியைத் துடைத்தாள்.