நான்கு மணிநேரப் பற்றரி

கொழும்புத் தலைமையகத்திலிருந்து வந்த கடிதத்தில் இரண்டு மடிக்கணினிகளின் விபரம் இருந்தது. வன்னிக்குள் கொண்டுவர ஒன்றுக்குத்தான் அனுமதி கிடைத்திருக்கிறது, எது வேண்டுமென்று இன்றைய வண்டியிலேயே எழுதி அனுப்பவும் என்றிருந்தது. மல்லாவி அலுவலகத்தில் கணினி படித்தவன் நான் ஒருவன்தான். பொறுப்பாளர் பத்மாசனி அக்கா கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முதலாவதன் புறொசெசர் எண்ணூறு மெகா ஹேர்ட்ஸ். பற்றரி ஒன்றரை மணிநேரம் நிற்கும். இரண்டாவது முந்நூறு. அதன் பற்றரி நான்கு மணிநேரத்துக்கு மேல் நிற்கும். இங்கே மின்சாரம் இல்லை. கூரையில் ஒரு சூரியத் தகடு இருக்கிறது. ஒரு பற்றரியை நிரப்ப அதற்கு ஒரு பகல் வேண்டும்.

எங்கள் வேலை நிவாரணப் பட்டியல். பதினோராயிரம் குடும்பங்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, ஒரே குடும்பம் முரசுமோட்டையில் ஒரு விதமாகவும் இங்கே வேறு விதமாகவும் பதிவாகியிருக்கும். ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாப் பெயர்களோடும் ஒப்பிட வேண்டும். கையால் செய்தால் ஐந்து நாள். வண்டி போகும் நாளில் பட்டியலுக்கான திருத்தங்கள் வந்துசேர மத்தியானம் இரண்டு மணியாகும். அதன்பின் தொடங்கினால் வேகமான கணினி மூன்றே காலுக்கு முடித்துவிடும். மற்றது முடிக்க ஆறு மணியாகும்.

நான் இரண்டாவதை எழுதினேன். ஒன்றே கால் மணிநேர வேலைக்கு ஒன்றரை மணிநேரப் பற்றரியை நம்ப முடியாது, பாதியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று காரணம் காட்டினேன். பொய்யில்லை.

பத்மாசனி அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

"மூண்டே காலுக்கு முடிஞ்சா நாலு மணி வண்டிக்குப் பட்டியல் போகும். ஆறு மணியெண்டால் அடுத்த வண்டிதான். சனத்துக்கு அரிசி மூண்டு நாள் பிந்தும்."

"பாதியில நிண்டா அதுவும் பிந்தும்தானே அக்கா."

"அது நிண்டாத்தான் பிந்தும். உம்மட மற்றது நிக்காமலே பிந்துது."

நான் பேனையை மூடினேன்.

"நாலு மணித்தியாலம் அதுக்கு முன்னால இருந்து என்ன செய்யப்போறீர்?"

"பாத்துக்கொண்டிருப்பன்."

அவர் கடிதத்தை மேசையில் வைத்தார். "வீட்டை போகப் பஞ்சியோ, மனமில்லையோ தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் மனைவி பிரேமினி இறந்து எட்டு மாதம். மலேரியா. மூன்று நாள் காய்ச்சல். இருட்டிய பிறகு வீட்டுக்குப் போனால் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். அதற்கு முன் போனால் வெளிச்சம் இருக்கும். இந்த எட்டு மாதமும் நான் வெளிச்சத்தில் வீட்டுக்குப் போனதில்லை. கையால் எழுதும் பட்டியல் அதற்கு உதவியாக இருந்தது.

நான் எழுதியதைக் கிழித்தேன். முதலாவது கணினி என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன். வண்டி நாலு மணிக்குப் புறப்பட்டது. அதன் புழுதி அடங்குவதற்குள், இன்றைக்கு இவ்வளவும் போதும், போம் என்றார் அக்கா.

வீட்டு முற்றத்தில் வெயில் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை றேடியோவில் கொழுவினேன். றேடியோப் பற்றரிகளை இராணுவம் வன்னிக்குள் விடாத நாளிலிருந்து எல்லா வீட்டிலும் இப்படித்தான். எங்கள் வீட்டில் பெடலைச் சுற்றுவது பிரேமினி. சுற்றுகிறவருக்கு இரைச்சலில் செய்தி விளங்காது. நான் றேடியோவில் காதை வைத்துக் கேட்டு முடிய, "என்னவாமப்பா?" என்பாள். சுருக்கிச் சொன்னால், "இவ்வளவு சுத்தினதுக்கு இவ்வளவுதானோ?" என்று முறைப்பாள்.

பெடலைச் சுற்றினேன். யாரோ பேசுவது தெரிந்தது, என்னவென்று விளங்கவில்லை. கையை எடுத்தேன். இரைச்சல் தணிந்த இடைவெளியில் ஒரு பெண்குரல், "கிழக்குக் கடற்பரப்பில் இடையிடையே" என்றது. பிறகு அதுவும் தேய்ந்தது. சக்கரம் ஓய ஓய, மணலில் கம்பிகளின் நிழல் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தது.