பிளம்பருக்குச் சொன்ன வார்த்தை

...விடக்கூடாது, விரலை எடுத்தால் மறுபடி முகத்திலேயே அடிக்கும், சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத குழாய்க்குள் இவ்வளவு ஆத்திரம் எங்கே ஒளிந்திருந்தது, சிங்க்குக்கு அடியில் இருக்கும் அலமாரிக்குள் தலையை நுழைத்து, ஒரு முழங்கால் தண்ணீரில், இன்னொன்று வெங்காயக் கூடைமேல், வலது கட்டைவிரல் கிழிந்த கனெக்‌ஷன் பைப்பை அடைத்தபடி, இடது கையில் பாத்திரம் துடைக்கிற துண்டு, அதுவும் சொட்டச் சொட்ட... நான் செய்ததெல்லாம் காலைப் பாத்திரத்தைக் கழுவலாம் என்று குழாயைத் திறந்ததுதான். அடியில் டப்பென்று ஒரு சத்தம், அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது, அடுத்த நிமிஷம் சமையலறை முழுக்கத் தண்ணீர். மேல் குழாயை மூடினால் நிற்கும் என்று மூடினேன், நிற்கவில்லை, அதற்குக் கீழே அல்லவா கிழிந்திருக்கிறது. வீட்டுக்கு மொத்தமாக ஒரு வால்வு இருக்கும், இருக்கத்தானே வேண்டும், எங்கே இருக்கிறது, நாலு வருஷமாகக் குடியிருக்கிறேன், தெரியாது. இன்று எனக்கு வார விடுமுறை என்பது வேறு. ஓய்வெடுக்கலாம் என்று காலையில் நினைத்தேன், மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து, மெதுவாகக் காபி குடித்து, எவ்வளவு திமிர் இருந்திருக்க வேண்டும் எனக்கு.

போன் அடிக்கிறது. சாப்பாட்டு மேஜைமேல், எட்டடி தூரத்தில், எட்டு மைல் என்றே வைத்துக்கொள்ளலாம். மணி பதினொன்று, அவர்தான், வேறு யார். சைட்டில் டீ இடைவேளை. தினமும் இந்த நேரத்துக்குப் போன், தினமும் ஒரே கேள்வி, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" நானும் தினமும் ஒரே பதில், "ஒண்ணுமில்லைங்க, எல்லாம் நல்லா இருக்கு." என் கணவர் எஞ்சினீயர், எதையும் ஒப்பந்தமாகப் போட்டுக்கொள்வார், கல்யாணம் உட்பட. இந்த நாட்டின் மறு கோடியில், இதே மொழி பேசுகிற ஓர் ஊரில், ஒரு வருஷ வேலைக்கு அவரைத் தூக்கிப் போட்டபோது, நீயும் பாப்பாவும் ஊருக்குப் போய் உங்க அம்மாகூட இருங்க என்றார். மாட்டேன் என்றேன். ஒன்பது வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, கண்ணாடிக் கடையில், பின்பக்க அறையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற வேலை, சேர்ந்து ரெண்டே மாதம். விளிம்பை விரலால் தடவினாலே எங்கே மேடு என்று சொல்லிவிடுவேன், முதலாளியம்மா மற்றவர்களைக் கூப்பிட்டு என் கையைக் காட்டுகிறார், என் கையைக் காட்டி யாரும் எதுவும் பேசி எத்தனை வருஷமாயிற்று. அதை விட்டுவிட்டு டிக்கெட் எடுத்து அம்மா வீட்டில் போய் உட்காரவா... முடியாது. "சரி, இருந்து பாரு. சமாளிக்க முடியலன்னா உடனே டிக்கெட் போட்டுடுவேன், அப்புறம் அழக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று வாரம் ஆகிறது. மூன்றே வாரம். போன் நின்றுவிட்டது. திரும்பவும் அடிக்கிறது.

இதில் அந்தப் பிளம்பரைச் சொல்ல வேண்டும், நேற்றுக் காலை ஏழரைக்கு வந்து, இதே இடத்தில் தலையை விட்டு, ஒரு வாஷரை மாற்றிவிட்டு, பத்து நிமிஷத்தில் முடிஞ்சுபோச்சு என்று கையைத் துடைத்துக்கொண்டார். முடிந்த லட்சணத்தைத்தான் விரலால் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவரைக் குறை சொல்லவும் வாயில்லை, அவரிடம் நான் பேசிய பேச்சு அப்படி. இந்த ஊர் மொழி எனக்குக் கடையில் கற்றதுதான், வலக்கண், இடக்கண், மங்கலாத் தெரியுதா, வியாழக்கிழமை வந்து வாங்கிக்குங்க, அவ்வளவுதான் என் பொக்கிஷம். குழாய் கசிகிறது என்பதற்கு வார்த்தை தெரியாமல், கண்ணில் நீர் வடிவதற்கு உண்டான வார்த்தையை எடுத்துப் போட்டு, "என் சமையலறை ரெண்டு நாளா அழுதுகிட்டே இருக்கு" என்று போனில் சொல்லியிருக்கிறேன். மனிதர் சிரிக்கவில்லை. "யாரு அழ வச்சாங்க?" என்று மட்டும் கேட்டார். நரைத்த மீசை, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார், இங்கே எல்லாப் பெண்களும் எல்லோருக்கும் அக்காதான் போலிருக்கிறது. கிளம்பும்போது வாசலில் நின்று வழியனுப்பினேன். அப்போது ஏதோ கேட்டார், வார்த்தை பிடிபடவில்லை, பிடிபடாத கேள்விக்கெல்லாம் நான் வைத்திருக்கும் ஒரே பதில் சிரித்துக்கொண்டே தலையாட்டுவது, ஆட்டினேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

தண்ணீர் இப்போது ஹாலுக்குள் போகிறது. அவசரமே இல்லாமல், வீடு பார்க்க வந்த உறவுக்காரரைப் போல, ஒவ்வொரு மூலையாக எட்டிப் பார்த்தபடி... ஐயோ, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையிலேயே கிடக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, சுவரில் மாட்டு மாட்டு என்று போவதற்கு முந்தின நாள்கூடச் சொன்னார், நாளைக்கு மாட்டறேன் என்றேன், எத்தனை 'நாளை' வந்து போய்விட்டது. அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண். விரலை எடுத்தால் தண்ணீர் வேகமாகப் போகும், எடுக்காமல் இருந்தாலும் போய்ச் சேரும், மெதுவாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான் வித்தியாசம். மூன்றாவது தடவையாகப் போன் அடித்து நிற்கிறது. மூன்று தடவை எடுக்கவில்லையென்றால் அவர் என்ன நினைப்பார், என்ன நினைப்பாரோ அதெல்லாம் உண்மையாகவே நடந்துகொண்டிருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அலமாரிக்குள் தலையை வைத்துக்கொண்டு, சோப்பு டப்பாவைப் பார்த்தபடி அழுதேன், டிக்கெட்டுக்காக, அந்தப் பின்பக்க அறைக்காக, விளிம்பு தேய்க்கும் மெஷினின் சின்ன ரீங்காரத்துக்காக. ரெண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம், அழுதால் தண்ணீர்தான் கூடும் என்று தோன்றியது, அந்த நேரத்திலும் அது எனக்குச் சிரிப்பாக இருந்தது. விரலை எடுத்தேன். துண்டை பைப்பில் இறுக்கிச் சுற்றினேன், எழுந்தேன், ஓடவில்லை, சுவரோரமாகக் காய்ந்த இடமாகப் பார்த்து நடந்து, மேலே இருக்கிற மெயின் சுவிட்சை அணைத்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது. நாலு விநாடி கழித்துத் தண்ணீர் வந்து பாக்ஸைத் தொட்டது. சரி, யாரும் சாகமாட்டோம், இனி நாற்காலி நனையட்டும், சோபா நனையட்டும்... அப்போது கதவை யாரோ தட்டினார்கள்.

கீழ்வீட்டம்மாதான், கூரை ஒழுகிச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்பதற்கான வார்த்தை என் பொக்கிஷத்தில் இருக்கிறதா என்று துழாவிக்கொண்டே கதவைத் திறந்தால், பிளம்பர். நேற்றுப் போட்டிருந்த அதே சட்டை, தோளில் அதே பை, முகம் மட்டும் உம்மென்று. நான் கூப்பிடவில்லை, சத்தியமாகக் கூப்பிடவில்லை, போன் மேஜைமேல் கிடக்கிறது. வாயைத் திறக்குமுன் என் காலுக்கடியில் போன தண்ணீர் அவர் செருப்பைத் தொட்டது. குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பையை அங்கேயே போட்டுவிட்டு நடையின் கோடிக்குப் போய், பூந்தொட்டியை நகர்த்தி, சுவரில் பெயின்ட் அடித்து மூடியிருந்த ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, உள்ளே எதையோ பிடித்துச் சுற்றினார். நின்றுவிட்டது. சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தச் சீறல், அப்படியே நின்றுவிட்டது. அந்த அமைதியை என்னவென்று சொல்ல, குழந்தைக்கு மூன்று நாள் அடித்த காய்ச்சல் விட்ட காலையில் வீட்டில் ஒரு அமைதி வருமே, அது. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், ஈரத்தில், பாவாடையெல்லாம் நனைய, எழுந்திருக்கவே தோன்றவில்லை. நாலு வருஷமாகத் தினமும் நான் தண்ணீர் ஊற்றிய தொட்டி அது.

"எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "நீங்கதானே அக்கா சொன்னீங்க" என்றார். என்ன சொன்னேன்? "போங்க, திரும்பி வாங்கன்னு சொன்னீங்க. நாளைக்கானு கேட்டேன். ஆமான்னு தலையாட்டினீங்க." அவர் அதைச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது, நேற்று வாசலில் நின்று நான் வாயாரச் சொன்னது, போயிட்டு வாங்க. பிறந்ததிலிருந்து வாய்க்குப் பழகிய வார்த்தை, அதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை அவர்கள் மொழியில் மாற்றிச் சொல்லியிருக்கிறேன், அழகாகச் சொன்னோம் என்று பெருமை வேறு. அவருக்கு அது உத்தரவு. ராத்திரி முழுக்க யோசித்தாராம், வேலைதான் முடிந்ததே, எதற்குத் திரும்ப வரச் சொல்கிறார்கள், என் வேலைமேல் சந்தேகமா என்று. கோபத்தோடுதான் கிளம்பி வந்திருக்கிறார், சண்டை போடவே வந்தேன் என்று அவரே சொன்னார். கிழிந்த பைப்பைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. "வாஷரை மட்டும் பார்த்தேன், இதை நான் பார்க்கல. தப்பு என்மேலதான். நீங்க நேத்தே கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார், ஒரு மரியாதையோடு. எனக்கு அந்த மரியாதையை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றுதான் ஆசை, ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டேன்கூட. அப்புறம் மனசு கேட்கவில்லை. எங்கள் பாஷையில் கிளம்புகிறவர்களைப் போ என்று சொல்லமாட்டோம், அது நல்லதில்லை, அதனால் போய்விட்டு வா என்போம் என்று, கை, கால், கண்மருத்துவம் எல்லாவற்றையும் உபயோகித்து விளக்கினேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "எல்லாருக்குமா?" எல்லாருக்கும். "கேஸ் கொண்டுவர்றவருக்கும்?" அவருக்கும்தான். "அவங்கெல்லாம் திரும்பி வந்துட்டா என்ன செய்வீங்க?" என்றார்.

புது பைப் மாட்டி, பக்கத்தில் இருந்த பழசையும் கேட்காமலே மாற்றி, என்னை விட்டே வால்வைத் திறந்து மூடி மறுபடி திறக்கச் சொன்னார், வலப்பக்கம் சுற்றினால் மூடும், ரெண்டரைச் சுற்று, மூன்றாவது சுற்றுக்கு முக்கக்கூடாது. என் விரல்கள் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டன, லென்ஸ் மெஷினின் திருகும் அப்படித்தான், கடைசிக் கால் சுற்றுக்கு அடம் பிடித்தால் விட்டுவிட வேண்டும். கிளம்பும்போது நான் வாசலில் நின்று வார்த்தை தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை, அவரே சொன்னார், "நான் போறேன் அக்கா. வரமாட்டேன்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் ஏதோ செய்தது, அபசகுனமாக, ஆனால் சிரித்துவிட்டேன், படியிறங்கும்போது அவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அப்புறம் நான் தண்ணீரை வாரினேன், பக்கெட் பக்கெட்டாக, பாட்டுப் பாடாத குறை. உடம்பெல்லாம் வலி, ஆனால் அந்த வலியே சுகமாக இருந்தது, பரீட்சை முடிந்த அன்று வருகிற அசதி. ஹால் காய்ந்தது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுவரில் மாட்டினேன், கோணல்தான், இருக்கட்டும். போன் மறுபடி அடித்தபோது நனைந்த புடவையைக்கூட மாற்றியிருந்தேன்... இல்லை, பாவாடைமேல் வேறு புடவையைச் சுற்றியிருந்தேன், அதுவே பெரிது. "எங்க போன? மூணு தடவை அடிச்சேன்" என்றார். பொய் சொல்லத் தோன்றவில்லை. "பைப் வெடிச்சு வீடு முழுக்கத் தண்ணிங்க. பிளம்பர் வந்து இப்ப சரி பண்ணியாச்சு" என்றேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு, டிக்கெட் என்ற வார்த்தை வருவதற்காக. வரவில்லை. "எப்படி நிறுத்தின?" என்று கேட்டார். "நடையில ஒரு பெட்டி இருக்கு, தொட்டிக்குப் பின்னாடி. அதுக்குள்ள வால்வு." "அப்படியா, எனக்கே தெரியாதே." இவருக்குத் தெரியாதாம், ஃப்யூஸ் பெட்டிக்குக்கூடப் பேர் எழுதி ஒட்டுகிற மனுஷனுக்கு. நான் உள்ளூரக் குதித்தேன். அடுத்து, "எந்தப் பக்கம் சுத்தினா மூடும்?" என்றார். சொன்னேன். "எத்தனை சுத்து?" சொன்னேன். "பிளம்பரை எப்படிக் கூப்பிட்ட, கசியுதுன்னு அவங்க பாஷைல எப்படிச் சொல்லணும்?" அழுகிறது என்று சொன்னால் போதும், வந்துவிடுவார்கள் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லு என்றார். சொன்னேன். மெதுவாக, எழுத்துக்கூட்டுகிற மாதிரி, அவரும் சொல்லிப் பார்த்தார், எழுதிக்கொள்கிறார் என்று தெரிந்தது, பேனா மூடியைக் கடித்தபடி பேசும் அந்தக் குரல் எனக்குத் தெரியும்... எதற்கு இவருக்கு இதெல்லாம்? கம்பெனி குடுத்த வீட்டில் இவருக்கு எல்லாம் இருக்கும் என்று நானேதான் நினைத்துக்கொண்டேன், அவர் சொல்லவில்லை, நான் கேட்டதும் இல்லை. மூன்று வாரம், இருபத்தோரு போன், ஒவ்வொன்றிலும் வீட்ல ஏதாவது பிரச்சினையா என்று கேட்டிருக்கிறார், நான் ஒவ்வொரு தடவையும் பாஸாகிவிட்டுச் சந்தோஷமாகப் போனை வைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, அந்தக் கேள்வியை நான் திருப்பிக் கேட்டதில்லை. "என்னங்க, உங்களுக்கு அங்க தண்ணியெல்லாம் வருதா?" என்றேன். "வருது... நிக்கத்தான் மாட்டேங்குது" என்றார், மெதுவாக. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.