ஒன்பது புட்டிச் செவ்வெண்ணெய்

௧

இக்கதை பிறந்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெரியபாளையத்து ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில், ஒரு பழைய ஜெர்மன் டீசல் காரின் பின்னிருக்கையில் அமர்ந்து, பதிகம் ஒன்றை வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் சீரில் கார் என்னை உலுக்கியது. நான்காம் சீர் நாவிலிருந்து நழுவிப் போயிற்று. மறுபடி தொடங்கினேன், அடுத்த திருப்பத்தில் மறுபடி உலுக்கிற்று. இறைவன் புகழை ஒரு வண்டி இடைமறிக்கிறது என்றால் அதற்கும் ஏதோ சொல்ல இருக்கிறது என்று கொண்டேன். அது என்னவென்று கேட்டு எழுத முற்பட்டதே இது.

(விநாயகர் காப்பு மனத்துக்குள் சொல்லியாயிற்று. அவையடக்கம் மட்டும் பாக்கி: இதை எழுதுபவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது.)

தொடக்கமாக எழுதியவற்றை மறைக்காமல் கீழே தருகிறேன்.

"எழுபத்தெட்டாம் ஆண்டு புரட்டாசித் திங்களில், திருவள்ளூரினின்றும் கும்மிடிப்பூண்டி நோக்கி வெண்ணிறத் தேரொன்று—" [அடித்தேன். கார் வெள்ளையன்று, பழுப்பு. தேர் என்றால் குதிரை எங்கே என்பீர்கள்.]

"கியர்ப்பெட்டி என்பது யாதெனின்—" [அடித்தேன். நான் நிகண்டு எழுத உட்காரவில்லை.]

"முனிகிருஷ்ணன் கவனக்குறைவு அறியாதவர்." [அடிக்கவில்லை. இது முழு உண்மை. தொல்லை முழுவதும் இதிலிருந்தே வந்தது.]

௨

காரின் உடைமையாளர் ஆதிநாராயணன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பழைய இரும்பைக் கம்பியாக்கும் ஆலை அவருடையது, வீடு திருவள்ளூரில். சென்னையில் இருந்த வெளிநாட்டார் ஒருவர் தாயகம் திரும்பும்போது விட்டுச்சென்ற காரை ஏலத்தில் எடுத்தார். பன்னிரண்டு வயதுக் கார். அதில் கிளட்ச் இல்லை. கியரைக் கையால் மாற்றும் வேலையும் இல்லை. பெட்டிக்குள் சிவந்த எண்ணெய் ஒன்று ஓடி, அதன் அழுத்தத்தால் கியர் தானே மாறிக்கொள்ளும்.

ஓட்டுநர் முனிகிருஷ்ணன். பதினான்கு ஆண்டுகள் இரும்பு லாரியில் விசாகப்பட்டினத்துக்கும் இங்குமாக அலைந்தவர். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் உறங்கினால் அதிகம். சித்திரையில்தான் இந்தக் காரின் இருக்கை அவருக்குக் கிடைத்தது. அன்று முதல் விடியலில் நீராடி, நாமம் இட்டு, காரைத் துடைத்து, மூடியைத் திறந்து, எஞ்சினைக் கிளப்புமுன் ஒவ்வோர் எண்ணெயையும் அளவுகோல் போட்டுப் பார்ப்பார். லாரியில் கற்ற ஒழுக்கம்.

ஆவணிக் கடைசியில் நடுக்கம் தொடங்கியது. ஏற்றத்தில், திருப்பத்தில், இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாறும் வேளையில் வண்டி குளிர்க்காய்ச்சல் கண்டவன்போல் நடுங்கும். சென்னையிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கழற்றிப் பம்பாய்க்கு அனுப்ப வேண்டும் என்றார்.

ஆதிநாராயணன் குரலை உயர்த்துகிறவர் அல்லர்.

"லாரிக் கை, முனிகிருஷ்ணா. பூ மாதிரி வண்டிய லாரி மாதிரி மிதிச்சா அது இன்னா பண்ணும்? ஆயுத பூசைக்குள்ள சரியாவணும். இல்லன்னா மெட்ராஸ்லேந்து மோசஸ்னு வேற டிரைவர் வர்றான். எலுமிச்சம்பழத்து மேல அவன் ஏத்தட்டும். நீ பழையபடி லாரிக்குப் போயிடு."

பூசையன்று சக்கரங்களின் கீழ் எலுமிச்சை வைத்து வண்டியை நகர்த்துவது எங்கும் உள்ள வழக்கம். இந்த ஆலையில் அதற்குமேல் ஒன்று உண்டு: அன்று எவர் வண்டியை ஏற்றுகிறாரோ அவரே அடுத்த ஆண்டு முழுதும் அதன் ஓட்டுநர். வண்டிச் சாவியை முதலாளி தம் கையால் கொடுப்பார்.

(பக்கத்தின் அடியில் சிற்றெழுத்தில் வர வேண்டியது: பழம்பாடல்களில் தலைவன் "விரைந்து செலுத்துக" என்று பாகனிடம் சொல்லிக்கொண்டே இருப்பான். பாகன் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. என்றேனும் ஒரு தேர் அச்சோடு நடுங்கியிருக்கும். குற்றம் யாருடையது என்று விசாரணையும் நடந்திருக்கும். அந்தப் பாட்டு நமக்குக் கிடைக்கவில்லை.)

௩

பூசைக்கு முந்தைய நாள் காலை, முனிகிருஷ்ணன் கடம்பத்தூரிலிருந்து துலுக்காணத்தை முதலாளி வீட்டுக் கார்க் கொட்டகைக்கு அழைத்துவந்தார். கழனிகளில் தண்ணீர் இறைக்கும் டீசல் பம்புகளைச் செப்பனிடுகிறவர் துலுக்காணம்.

இந்தப் பாத்திரத்தை நான் நெடுநேரம் ஐயுற்றேன். கிளட்ச் இல்லாத காரைக் கண்ணாலும் கண்டிராத ஒருவர், சென்னை மெக்கானிக் கைவிட்டதைக் கண்டுபிடிப்பதா? இது புராணத்தில் நடக்கும், தொழிற்பேட்டையில் நடக்குமா? அவரை எடுத்துவிட்டுப் பட்டணத்துப் பொறியாளர் ஒருவரை வைத்துப் பார்த்தேன். பொறியாளர் வந்தார், ஒரு படிவத்தை நிரப்பினார், போய்விட்டார். துலுக்காணத்தையே மீண்டும் அழைக்க வேண்டியதாயிற்று. வந்தவர் காருக்குள் தலையை விட்டார்.

"இன்னா நைனா, மூணு மிதி இருக்க வேண்டிய எடத்துல ரெண்டுதான் கீது. ஒண்ண வித்துட்டியா?"

"கிளட்ச் கெடையாது மேஸ்திரி. தானா மாறிக்கும்."

"தானா மாறுதுன்னா அப்புறம் உனக்கு எதுக்கு சம்பளம்?"

"அதான் மொதலாளியும் கேக்கறாரு" என்றார் முனிகிருஷ்ணன். அவர் சிரிக்கவில்லை.

துலுக்காணம் வேலையைத் தொடங்கினார். எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கியரில் போடச் சொன்னார். நின்ற இடத்தில் நடுக்கம் இல்லை. "எஞ்சினத் தாங்குற ரப்பரு நல்லாத்தான் கீது." பின் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, அடியில் படுத்து, பின்சக்கரங்களுக்குப் போகும் நீண்ட தண்டைக் கையால் பற்றி ஆட்டினார். தளர்ச்சி இல்லை. எழுந்து, என்னைப் பார்த்தார். மறுநாள் ஆலைப் பூசையில் சொற்பொழிவு ஆற்ற வேண்டியவன் நான். அதை ஒத்திகை பார்த்தபடி கொட்டகை ஓரமாய் நின்றிருந்தேன்.

"சாமி, நீங்களும் பின்னால ஏறுங்க."

"நான் எதற்கு?"

"மூட்ட ஏத்தினாத்தான் ஏத்தத்துல நல்லாத் தெரியும்."

ஏறினேன். என் வாழ்நாளில் இத்துணைப் பொருத்தமான காரணத்துக்காக எவரும் என்னை அழைத்ததில்லை.

௪

பாலத்து ஏற்றத்தில் கார் நடுங்கியது. துலுக்காணம் கண்ணை மூடிக்கொண்டார். "திருப்பிகினு வந்து மறுபடி ஏத்து." நடுங்கியது. "இப்ப நேர் ரோட்டுல போ." நடுக்கம் குறைவு. "இப்ப வளைச்சு ஏத்து." என் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது.

"நிறுத்து நைனா. எஞ்சின ஆப் பண்ணாத. ஓடிகினே இருக்கட்டும்."

புளியமரத்தடியில் நிறுத்தினோம். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். எழுத்துத் தமிழில் ஆக்கிப் பார்த்தேன், உயிர் போய்விட்டது.

"கெணத்துல தண்ணி கொறஞ்சா பம்பு காத்த உறிஞ்சும். தண்ணி விட்டு விட்டு வரும், கொழாயி திக்கித் திக்கி ஆடும். இதுவும் அந்த மாதிரிதான். வண்டி சாயறப்போ எண்ணெ ஒரு பக்கம் ஒதுங்குது, உள்ள இருக்கிற பம்புக்குக் காத்துதான் கெடைக்குது. எண்ணெ கம்மி."

"இருக்காது மேஸ்திரி. காலைலகூட பாத்தேன். கோட்டுல கரெக்டா நிக்குது."

"எப்ப பாத்த?"

"கிளப்பறதுக்கு மின்னாடி. தெனமும் அப்டித்தான்."

"மோட்டாரு ஓடாதப்ப எட்டிப் பாத்தா எந்தக் கெணத்துலயும் தண்ணி மேலதான் நிக்கும். ஓட உட்டுப் பாக்கணும்." அளவுகோலை உருவினார். துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவினார். நுனியில் ஒரு துளியும் இல்லை.

கீழே படுத்துப் பார்த்தார். ஒழுகலும் இல்லை. "ஒழுகலன்னா எங்க போச்சு? ஆவியாவா போயிடும்?"

முனிகிருஷ்ணனின் முகம் மாறிற்று. அவர் காரின் பின்பக்கம் சென்று டிக்கியைத் திறந்தார். உள்ளே பழைய துண்டில் சுற்றி, ஒன்றோடொன்று இடிக்காதபடி வைக்கோல் செருகி, ஒன்பது மருந்துப் புட்டிகள். ஒன்பதிலும் செவ்வெண்ணெய். ஒவ்வொன்றின் மேலும் காகிதம் ஒட்டி, அழகிய கையெழுத்தில் தேதி: ஆனி இருபது. ஆடி மூன்று. ஆடிப் பெருக்கு.

"எங்கியும் போவல மேஸ்திரி. இதோ கீது. தெனமும் கோட்டுக்கு மேல நின்னுச்சு. ஜாஸ்தியா இருந்தா கெட்டுடுமேன்னு ரப்பர் டியூப் உட்டு ரவையூண்டு உறிஞ்சி எடுத்தேன். சீமை எண்ணெ. கீழ ஊத்த மனசு வரல. கோட்டுக்கு வந்தப்புறந்தான் நிறுத்துனேன்."

துலுக்காணம் புட்டிகளைப் பார்த்தார், முனிகிருஷ்ணனைப் பார்த்தார், புளியமரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா இதுக்கு ரத்தம் எடுத்துகினு இருந்திருக்க. அது நடுங்காம இன்னா செய்யும்?"

சிரிப்பு வந்தது அவருக்கு. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முனிகிருஷ்ணனும் சிரித்திருப்பார், மறுநாளை நினைக்காமல் இருந்திருந்தால்.

வடிகட்ட என் மேல்துண்டு போயிற்று. எஞ்சினை ஓடவிட்டே, அளந்து அளந்து, எட்டரைப் புட்டிகள் உள்ளே சென்றன. பாலத்தில் ஏற்றினோம், இறக்கினோம், வளைத்து ஏற்றினோம். பதிகம் பத்துப் பாட்டும் சீர் கெடாமல் முடிந்தது. பலன் கூறும் கடைசிப் பாட்டைச் சற்று உரக்கவே ஓதினேன்.

௫

இங்கே என்னைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தினமும் காலையில், காப்பிக்கும் முன்னால், ஆறிக் கிடக்கும் இக்கதையைப் படித்து, மிகை என்று தோன்றும் ஒரு வாக்கியத்தை உருவி எடுத்து வந்தேன். நடை இறுகுகிறது என்று எனக்கு மகிழ்ச்சி. நேற்று முழுவதையும் ஒரே மூச்சில் உரக்கப் படித்தபோது, இந்த இடத்துக்கு வந்ததும் கதை திக்கிற்று. இங்கிருந்து முடிவுக்குப் போக வழியே இல்லை. ஏனெனில் நான் எடுத்தவற்றுள் ஓர் ஆள் இருந்தாள்: முனிகிருஷ்ணனின் மனைவி பச்சையம்மா. பாத்திரங்கள் மிகுதி என்று கருதி அவளை நீக்கியிருந்தேன். திருப்பி வைக்கிறேன்.

நாங்கள் கொட்டகைக்குத் திரும்பியபோது அவள் பூசைக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டாள்.

"புட்டி கழுவிக் குடுத்ததே நான்தான். ஊட்ல தாளிக்க எண்ணெ இல்லன்னு நான் கத்திகினு இருக்கேன், இந்த ஆளு காருக்கு ஜாஸ்தியாப் போச்சுன்னு எடுத்து வெக்கிறாரு."

துலுக்காணம் குரலைத் தாழ்த்தினார். "இதப் பாரு தங்கச்சி, எண்ணெ பழசாப் போச்சு, நான் சரி பண்ணிட்டேன்னு மொதலாளிகிட்ட சொல்லிடறேன். வண்டி நல்லாக்கீது. எவன் கேக்கப் போறான்?"

"அந்த மெட்ராஸ் மோசஸ் டிக்கியத் தொறந்து புட்டியப் பாத்தா?"

"புட்டியத் தூக்கிப் போட்ரலாம்."

"அளவு கொறஞ்சது எப்படின்னு நாளைக்கு வேற எவனாவது கண்டுபிடிச்சா?" அவள் கணவனிடம் திரும்பினாள். "நீயே சொல்லிடுய்யா. இன்னொருத்தன் சொன்னா திருட்டுன்னு ஆவும். நீ சொன்னா தப்புன்னு ஆவும், அவ்ளோதான்."

"தப்புன்னாலும் லாரிதான் பச்சையம்மா."

"லாரின்னா லாரி. அப்பவும் நீ ஊட்டுக்கு வரத்தானே செஞ்ச?"

சொல்லிவிட்டு அவள் மாவிலைக்குத் திரும்பினாள். ஒரே இலையை மூன்று முறை கட்டினாள்.

௬

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவதில், துலுக்காணம் பொய் சொல்கிறார், எல்லோரும் சுண்டல் உண்கிறார்கள். [கைவிட்டேன். முனிகிருஷ்ணன் தம் கையால் தேதி எழுதி ஒட்டியவர். அந்தப் பொய்யோடு அவரால் ஒரு நாளும் கார் ஓட்ட முடியாது. என்னாலும் எழுத முடியவில்லை.]

இரண்டாவதில், ஆதிநாராயணன் உண்மையைக் கேட்டு உரக்கச் சிரித்து, முனிகிருஷ்ணன் தோளைத் தட்டி— [கைவிட்டேன். ஆதிநாராயணன் சிரித்து நான் பார்த்ததில்லை. கதை முடிய வேண்டும் என்பதற்காக ஒருவரைச் சிரிக்க வைப்பது முறையன்று.]

மூன்றாவதில், சாவி மோசஸிடம் போகிறது, முனிகிருஷ்ணன்— [இதை நான் எழுதவே இல்லை. பேனாவைத் திறந்து மூடினேன்.]

ஆகவே, நடந்ததில் நான் அறுதியிட்டுச் சொல்லக் கூடியது இவ்வளவே. பூசையன்று ஆலை முற்றத்தில் உலைகள் அணைந்திருந்தன. கம்பி இழுக்கும் உருளைகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். காருக்குச் சாமந்தி மாலை. நான்கு சக்கரங்களின் கீழும் நான்கு எலுமிச்சை. மோசஸ் வெள்ளைச் சீருடையில் ஒருபுறம். முனிகிருஷ்ணன் மறுபுறம், கையில் துண்டில் சுற்றிய ஒன்பது புட்டிகள், எட்டு காலி, ஒன்றில் பாதி. அவரே பேசினார்.

"மொதலாளி, நடுக்கம் நின்னுடுச்சு. பொட்டி மேல தப்பில்ல. காத்தால எஞ்சின் ஓடாதப்ப பாத்துட்டு, ஜாஸ்தின்னு நெனச்சி நான்தான் எண்ணெய எடுத்தேன். இதோ, எல்லாம் தேதி போட்டு வெச்சிருக்கேன். மேஸ்திரி கண்டுபிடிச்சாரு. ஓட உட்டுப் பாக்கணும்னு இப்ப தெரியும். இனிமே இந்தத் தப்பு வராது. வேற எந்தத் தப்பும் வராதுன்னு சொல்ல மாட்டேன்."

பச்சையம்மா கற்பூரத் தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். மோசஸ் அந்தத் தேதிகளை எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது இகழ்ச்சி அன்று.

ஆதிநாராயணனின் அடுத்த சொல்லை எழுத நான் மறுக்கிறேன். அவருடைய இடத்தில் உங்களை நிறுத்திவிட்டு விலகிக்கொள்கிறேன், வாசகரே. கார் உங்களுடையது. உலுக்கப்பட்டது உங்கள் உடம்பு. அவமானம் அடைந்ததாக நினைத்தால் அதுவும் உங்களுடையதே. சாவி உங்கள் கையில் இருக்கிறது, எதிரே இருவர்.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நீட்டும்போது வலக்கையால் நீட்டுங்கள். பூசை நாள்.